அம்மு அக்காவின் உச்சந்தலை

அந்த டாக்டர் அம்மு அக்காவின் தலையை ஒருமுறைகூடக் கையால் தொட்டுப் பார்க்கவில்லை. மற்றதையெல்லாம் மன்னித்தாலும் இதை நான் மன்னிப்பதாக இல்லை.

அம்மு அக்கா நெட்டுக்குப்பத்துக்காரர். எண்ணூர் முகத்துவாரத்தில் விடியற்காலை மீன் எடுத்து, கூடையைத் தலையில் ஏற்றித் திருவொற்றியூர்த் தெருக்களில் கூவி விற்பவர். கல்யாணமான வருஷம் ஏறிய கூடை, இன்னும் இறங்கவில்லை. அவர் வீட்டு மாடி அறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். மணலியில் ஓர் ஆலையின் ஆய்வகத்தில் வேலை. எங்கள் வம்சத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது.

மகள் எழில்மொழிக்கு வியாசர்பாடியில் மாப்பிள்ளை அமைந்தது. தை மாதம் பூ வைக்கும் விசேஷம். பெண்ணுக்கு வைத்த கையோடு சம்பந்தியம்மா பெண்ணின் தாய்க்கும் உச்சந்தலையில் பூ வைப்பார். அக்காவின் கவலை அங்கேதான் தொடங்கியது. அவர் உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லை. இத்தனை காலம் முந்தானை மறைத்தது.

“பூ வெக்கச் சொல்ல முந்தானிய எட்த்துதானே ஆவணும் நைனா? பூ வழுக்கிக்கினு மடியில வுயும். அந்தச் சனம் சிரிக்கும். எம்பொண்ணு தல குனிஞ்சி நிக்கும்.”

அப்போதுதான் எழிலின் போனில் அந்த விளம்பரம் வந்தது. ‘உங்கள் ரத்தமே உங்கள் கூந்தலுக்கு மருந்து.’

அந்தக் கிளினிக்குக்குக் கிளம்பிய அன்று அக்கா சீயக்காய் போட்டு இரண்டு முறை குளித்தார். மீன் வாடை போக எலுமிச்சைத் தோலால் உள்ளங்கையைத் தேய்த்தார். “மீன்காரின்னு தெரிஞ்சா அந்த ஏசி ரூம்ல குந்த வெப்பானா?” வரவேற்பில் இருந்த பெண், “ஹவுஸ் வைஃபா?” என்று கேட்க, ஆமாம் என்று தலையாட்டிவிட்டார்.

டாக்டர் பேனா மாதிரி ஒரு கேமராவை உச்சியில் வைத்து, டிவியில் பெரிதாகக் காட்டினார். வேர் தூங்குகிறதாம். எழுப்பிவிடலாமாம். சர்க்கரை உண்டா, தைராய்டு உண்டா, என்ன ஷாம்பு, எல்லாம் கேட்டார். தலையில் என்ன சுமக்கிறாய் என்று கேட்கவில்லை. கையில் ரத்தம் எடுத்து, மெஷினில் சுழற்றி, மேலே தெளிந்து நின்ற மஞ்சள் நீரை உச்சியில் ஊசி ஊசியாகக் குத்தினார்கள். அதே மாதிரி சுழற்றும் மெஷின் என் ஆய்வகத்திலும் இருக்கிறது. அதில் மந்திரம் ஒன்றும் கிடையாது. சிலருக்கு இந்த வைத்தியம் பலன் தரலாம். யாருக்குத் தராது என்று பார்த்துச் சொல்லத்தானே டாக்டர்?

மறுநாள் விடியலில் அக்கா வழக்கம்போலத் துணியைச் சும்மாடாகச் சுருட்டி வைத்து, அந்தக் குத்தின புண் மேலேயே கூடையை ஏற்றினார். ஐஸ் தண்ணீரும் உப்பும் ஒழுக ஒழுக நடந்தார்.

“எரிச்சல் தாங்கல. சர்தான், மருந்து வேல செய்துன்னு நென்ச்சிக்கினேன்.”

மூன்று முறை போனார். மூன்றாவது முறைக்குப் பிறகு சீழ் வைத்தது. ஓரத்தில் இருந்த முடியும் கொத்தாகக் கையோடு வந்தது. அரசு ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிப்போனேன். அங்கிருந்த டாக்டரம்மா விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: “தலையில என்னம்மா தூக்கறீங்க?”

வருஷக்கணக்காகப் பாரம் அழுத்தி வேரெல்லாம் தழும்பாகிவிட்டதாம். தழும்பில் எந்த ரத்தத்தை ஊற்றினாலும் முளைக்காது. சுமையை நிறுத்தினால் மீதி முடி மிஞ்சலாம். என் அம்மா புல்லுக்கட்டு சுமந்தவள். அவள் உச்சியும் இப்படித்தான் குதிகால் மாதிரி காய்த்துக் கிடக்கும். ஒரு விரல் பட்டிருந்தால் போதும், தெரிந்திருக்கும்.

அக்காவைக் கூட்டிக்கொண்டு அந்தக் கிளினிக்குக்கு நானும் போனேன். வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். டாக்டர் நிதானமாகச் சொன்னார்: “வேலைய மறைச்சது உங்க தப்பும்மா. பரவால்ல, இதுக்கு மேல ஸ்டெம் செல் ட்ரீட்மென்ட் இருக்கு. அதுல ட்ரை பண்ணலாம்.”

அக்கா எழுந்தார். “என் ரத்தத்த உறிஞ்சி எனக்கே வித்த. இப்போ இன்னாத்த விக்கப் போற?” டாக்டரின் கையைப் பிடித்து இழுத்துத் தன் உச்சியில் வைத்தார். “தொட்டுப் பாரு. இத மொத நாளே செய்றதுக்கு இன்னா கேடு?”

அந்த ஆள் கையை உதறிக்கொண்டார். மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தேன். மேஜையில் இருந்த சானிடைசரை எடுத்துக் கையில் பிதுக்கினார்.

விசேஷத்தன்று எழில் உச்சியை மூடும் டோப்பா முடி வாங்கி வந்து கெஞ்சினாள். “இத வெச்சிக்கம்மா. யாருக்கும் தெரியாது.”

“அவுந்து வுயுமோ வுயுமோன்னு பயந்துகினு குந்தச் சொல்றியா? வேணாம் போ.”

சம்பந்தியம்மா மல்லிகைச் சரத்தோடு வந்ததும், முந்தானையை அக்காவே இறக்கினார். சம்பந்தியம்மாவின் கை நடுவழியில் நின்றுவிட்டது.

“மீன்கூட தூக்கித் தூக்கி முடி பூட்ச்சி சம்பந்தி. மேல நிக்காது. பின்னாடி கொண்டையில சொருவுங்க.”

சம்பந்தியம்மா கொண்டை ஊசியை வாயில் கவ்விக்கொண்டு, கொண்டையைச் சுற்றிப் பூவை இறுக்கிக் குத்தினார். பின்வரிசையில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு ஏதோ பேசினார்கள். எழில் நிமிர்ந்து அவர்களைப் பார்த்தாள். அக்காவும் திரும்பினார்.

“தூர நின்னு இன்னா பேச்சு? கிட்ட வந்து பாத்துட்டுப் போங்க.”

ஒருத்தரும் எழுந்து வரவில்லை.