அடைப்பான் வந்த வீடு

1. உறையாத ரத்தம்

ஆடு சாவதை அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். அந்த வெள்ளாடு செத்த விதம் வேறு. காலையில் வேப்பந்தழையை நன்றாகத்தான் தின்றது. மத்தியானம் நிற்க முடியாமல் நடுங்கியது. வெயிலிலிருந்து நிழலுக்கு மாற்றலாம் என்று என் வீட்டுக்காரர் அதைத் தூக்கிக் கழுத்தைச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டார். பின்கட்டுக்குப் போவதற்குள் அதன் தலை தொங்கிவிட்டது. கீழே இறக்கினால் மூக்கிலிருந்து கறுப்பாக ரத்தம் வடிந்தது. அவருடைய சட்டைக் கழுத்திலும் பட்டிருந்தது. நான் நின்று பார்த்தேன். அந்த ரத்தம் உறையவே இல்லை.

நான் அப்போது ஆம்பூரில் ஒரு சின்ன டிஸ்பென்சரியில் நர்ஸ். என் வீட்டுக்காரர் தேவசகாயம் பிராணிக் கொட்டகையில் வேலை பார்த்தார். வண்டியில் அடிபட்டவை, சொந்தக்காரர்கள் கைவிட்டவை என்று பல பிராணிகளை ஊர்ப் பெரியவர்கள் சிலர் அங்கே வைத்துக் காப்பாற்றினார்கள். கொட்டகையில் இடம் போதாதபோது, கவனித்தால் தேறிவிடும் என்று தோன்றுகிறவற்றை அவர் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவார். அந்த ஆடும் அப்படி வந்ததுதான். முன்னங்கால் முறிந்திருந்தது. மூங்கில் சிம்பு வைத்துக் கட்டியிருந்தோம்.

எங்கள் மகள் லில்லி அப்போது பள்ளிக்கூடம் போகாத குழந்தை. அதனால் வீட்டில் வார்டு முறைதான். பிராணிகள் பின்கட்டைத் தாண்டி வரக்கூடாது. அவற்றுக்குத் தனி வாளி, தனித் துடைப்பம். சாணத்தையும் புழுக்கையையும் உலர்ந்தபடி பெருக்காமல், பினாயில் தண்ணீர் தெளித்த பிறகே வாருவேன். பின்கட்டில் போட்ட உடுப்போடு யாரும் அடுக்களைக்குள் வர முடியாது. உடுப்பைச் சோடா போட்டுக் கொதிக்கவைப்பேன். கார்பாலிக் சோப் போட்டுக் கை கழுவாமல் லில்லியைத் தொட அவருக்கு அனுமதி இல்லை. சொறி, படர்தாமரை, உண்ணி எதுவும் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. அந்த தைரியத்தில்தான் இருந்தோம்.

அடுத்த வீட்டு காசிம் பாய் ஆட்டுத்தோல் வாங்கி உப்புப் போட்டுத் தோல் கம்பெனிக்குக் கொடுக்கிறவர். ஆடு செத்த சேதி கேட்டு உடனே வந்தார்.

"நர்சம்மா, இத இன்னா பண்ணப் போறீங்க? தோல் நல்லா இருக்குது. மண்ணுல போட்டா வீணாப்பூடும். குடுங்க, நான் உரிச்சிக்கிறேன்."

"வேணாம் பாய். கத்தி வைக்கக்கூடாது. அடைப்பான் மாதிரி தெரியுது."

ஆட்டிலிருந்து மனுஷருக்கும் தொற்றிக் கொல்லும் ஆந்த்ராக்ஸ் நோயைத்தான் எங்கள் பக்கம் அடைப்பான் என்போம். தான் பார்க்காத ஆடா என்று அவர் சிரித்தார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. சானிட்டரி இன்ஸ்பெக்டருக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் வந்து பார்த்துவிட்டு, திறக்காமல் புதைக்கச் சொன்னார். ஊருக்கு வெளியே, பாலாற்றுக்கு எட்டவே ஒரு மேட்டில் ஆள் உயரத்துக்குப் பள்ளம் தோண்டினார்கள். ஆட்டின் மேலும் கீழும் சுட்ட சுண்ணாம்பைக் கொட்டி மூடினார்கள். வைக்கோல், கயிறு, சிம்பு எல்லாவற்றையும் எரித்தோம். ரத்தம் விழுந்த மண்ணைச் சுரண்டி அதே பள்ளத்தில் போட்டோம்.

காசிம் பாய் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். தோலை இலவசமாகக் கேட்டதால்தான் நான் மறுத்து அவமானப்படுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது. அவர் மனைவி மெஹர்பீ லில்லிக்கு ரொட்டி கொடுத்தனுப்புவதும் நின்றுபோயிற்று.

2. வலிக்காத புண்

சில நாள் கழித்து, தேவசகாயம் சவரம் பண்ணிக்கொண்டிருக்கும்போது கழுத்தைச் சொறிந்தார். எறும்பு கடித்திருக்கும் என்றார். கிட்டப்போய்ப் பார்த்தேன். பின்கழுத்தில் ஒரு சின்னக் கொப்புளம். மறுநாள் அதன் நடுவில் கறுத்துப்போய், சுற்றிலும் முத்து முத்தாக நீர்க்கொப்புளங்கள் கட்டியிருந்தன. கழுத்து ஒரு பக்கம் தடித்திருந்தது.

"வலிக்குதா?" என்று கேட்டேன்.

"வலியே இல்ல. லேசா அரிக்குது. எதுக்கு இப்டி பாக்குற?"

வலிக்கிறது என்று அவர் சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். நான் டிரெயினிங்கில் இருந்தபோது தோல் மூட்டை சுமக்கிற ஒருவரை வார்டில் சேர்த்தார்கள். இதே இடத்தில், இதே கறுப்பு. அவரும் வலி இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை.

இதை என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. உடனே வேலூருக்குப் போக வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

லில்லியை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக முடியாது. உறவு என்று ஊரில் யாரும் இல்லை. வாசலில் நின்றபோது மெஹர்பீ தன் வீட்டிலிருந்து இறங்கி வந்தாள். என்ன நடந்தது என்று கேட்டாள். உள்ளதைச் சொன்னேன்.

"புள்ளைக்கும் வந்திருக்குமோன்னு எனக்கே தெரியல, மெஹர்பீ. உன் பசங்களும் இருக்காங்க. யோசிச்சிக்கோ."

"புள்ளைய இன்னா தெருவுலயா வுடுவீங்க? ரயில் வந்துடும். போய்ட்டு வாங்க" என்று சொல்லி லில்லியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

3. வார்டு வாசல்

வேலூர் ஆஸ்பத்திரி டாக்டர் புண்ணைப் பார்த்ததும் முகம் மாறினார். யாரும் அதைக் கீறக்கூடாது, பிதுக்கக்கூடாது என்று சிஸ்டரிடம் சொன்னார். ஐசொலேஷன் அறையில் போட்டு ஒரு ஊசி குத்தினார்கள். அடைப்பானுக்கான சீரம் மருந்து கையிருப்பில் இல்லை. மெட்ராஸுக்குத் தந்தி கொடுத்தார்கள்.

சீரம் வரும் வரை வீக்கம் நிற்கவில்லை. கழுத்திலிருந்து தாடைக்கு ஏறியது, பிறகு நெஞ்சுக்கு இறங்கியது. அவர் குரல் கம்மி, யாரோ பேசுவதுபோல இருந்தது. தண்ணீர் விழுங்க சிரமப்பட்டார். எத்தனையோ நோயாளிகளின் பக்கத்தில் நான் நின்றிருக்கிறேன். அன்று நர்ஸாக நிற்க முடியவில்லை. மூச்சு வருகிறதா என்று அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை வார்டு வாசலில் காசிம் பாய் நின்றார். ஆம்பூரிலிருந்து முதல் ரயிலில் வந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே லில்லிதான் என்று புரிந்துவிட்டது.

"புள்ள கையில ஒரு கொப்புளம் வந்திருக்குது நர்சம்மா. உங்க கிட்ட சொல்லணும்னு அவ அனுப்பினா."

"கறுப்பா இருக்குதா?"

"செவப்பா. சீழு வெச்சிருக்குது. தொட்டா வலிக்குதுன்னு ராத்திரி பூரா அழுதுச்சி."

அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் பயந்துவிட்டார். வலிக்கிறது என்றால் அது வேறு கட்டி, நான் பயந்த புண் இல்லை என்று விளக்கிச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இருந்தாலும் இங்கே டாக்டரிடம் காட்டிவிடலாம், கூட்டி வாருங்கள் என்றேன். சாயங்காலம் மெஹர்பீ லில்லியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். டாக்டர் பார்த்துவிட்டுச் சாதாரண வேனல் கட்டி என்றார்.

அதற்கு முன்னால், காலையிலேயே, காசிம் பாய் கண்ணாடி வழியாக என் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீங்கிப்போன முகத்தை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"அந்த ஆட்ட நான் உரிச்சிருந்தா?" என்று கேட்டார்.

அவர் வீட்டு முற்றத்தில்தான் தோலுக்கு உப்புத் தேய்ப்பார்கள். மெஹர்பீயும் இரண்டு பையன்களும்தான் தேய்ப்பார்கள். பக்கத்திலேயே சமையல். அவருக்கு அதெல்லாம் கண் முன்னால் வந்திருக்க வேண்டும். வராந்தாவிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

4. கேட்க வேண்டிய கேள்வி

சீரம் வந்தது. வீக்கம் மெல்ல மெல்ல வடிந்தது. கறுத்த பொருக்கு உதிர்ந்த இடத்தில் பள்ளமாக ஒரு வடு நின்றது. அதன் பிறகு அவரால் தலையை இடது பக்கம் முழுசாகத் திருப்ப முடிந்ததில்லை.

வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் எனக்குப் பயம் ஜாஸ்தியாயிற்று. பின்கட்டில் லில்லி கால் வைத்தால் கத்துவேன். ஒரு மண்கட்டியைப் பார்த்தாலும் அதில் ஏதோ உயிரோடு இருப்பதுபோலத் தோன்றும். அந்த நோயின் விஷம் மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்ஸ்பெக்டர் மறுபடி வந்து, பின்கட்டில் இன்னும் ஆழமாக மண் எடுத்துச் சுண்ணாம்பு போட ஏற்பாடு செய்தார். அப்படியும் எனக்குத் தூக்கம் வர மாதங்கள் ஆயின.

கொட்டகையில் விசாரித்தபோது விஷயம் வெளிவந்தது. அந்த ஆட்டைக் கொண்டுவந்து விட்டவன் கலவை என்கிற ஊர்ப் பக்கத்துக்காரன். அவன் மந்தையில் அதற்கு முன்பே சில ஆடுகள் நின்ற நிலையிலேயே விழுந்து செத்திருந்தன. கால் முறிந்ததைக் காட்டி இதைத் தள்ளிவிட்டுப் போய்விட்டான். அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. எல்லாரும் காலைத்தான் பார்த்தார்கள்.

மறுபடி பிராணிகளை வீட்டில் வைத்தோமா என்று என்னிடம் கேட்கிறார்கள். வைத்தோம். ஆனால் எங்கிருந்து வந்தது, கூட இருந்தவை எப்படி இருக்கின்றன, எது எப்படிச் செத்தது என்று தெரியாமல் எந்தப் பிராணியும் கொட்டகையைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பதில் தெரியாதவற்றைக் கொட்டகையிலேயே தனியாகக் கட்டி வைத்துப் பார்த்த பிறகுதான் எடுத்தோம். தேவசகாயம் எந்த ஆட்டையும் தோளில் போடவில்லை. தள்ளுவண்டியில்தான் கொண்டுவந்தார்.

காசிம் பாயும் மாறினார். யாராவது செத்த ஆட்டின் தோலோடு வந்தால், தோலைத் தொடுவதற்கு முன்னால் அது எப்படிச் செத்தது என்று கேட்பார். பதில் சொல்லத் தயங்குகிறவனைத் திருப்பி அனுப்பிவிடுவார். வேறு ஆள் வாங்கிக்கொள்வான் என்று மெஹர்பீயிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். வாங்கட்டும் என்று அவள் சொல்லிவிடுவாளாம்.

சோப்பும் பினாயிலும் கொதிநீரும் எல்லா வீட்டுக்கும் வேண்டும். அவற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பிராணியைக் கழுவுவதற்கு முன்னால் அதைக் கொண்டுவந்தவனை நிறுத்திக் கேளுங்கள். அவனுக்குக் கோபம் வந்தாலும் கேளுங்கள்.