மஞ்சள் வீட்டு அன்டெனா

ஹமீமா இருபத்திரண்டு வருடம் டெலிபோன் ஒப்பரேட்டராக இருந்தவர். மாத்தளையில் ஒரு பெரிய அலுவலகத்தின் படிக்கட்டுக்குக் கீழே சின்ன அறை; காதில் கருவியை மாட்டிக்கொண்டு, வருகிற அழைப்பை உரிய ஆளுக்குக் கொடுப்பது வேலை. எல்லோர் கையிலும் போன் வந்த பிறகு அந்த அறையில் பழைய ஃபைல்களை அடுக்கினார்கள். ஹமீமா வீட்டோடு இருந்துவிட்டார். மகள் நிஹ்லா கல்யாணமாகி அக்குறணைக்குப் போய்விட்டாள். கணவர் பலீல் தம்புள்ளை சந்தையில் மரக்கறி வியாபாரி. விடியுமுன் போனால் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகுதான் திரும்புவார். பகல் முழுவதும் வீட்டில் பேச்சுச் சத்தமே இருக்காது.

போன ஜூன் மாதம் கட்டாரிலிருந்து லீவில் வந்த தம்பி அன்ஸாப், கையடக்கமான ஒரு ஸ்கேனரை அக்காவின் கையில் வைத்தார்.

"ப்ளேன் ஓட்டுறவங்க பேசுறது, வாக்கிடோக்கியில பேசுறது எல்லாம் இதுல கேக்கும் ராத்தா. கேக்க மட்டுந்தான். நீங்க பேச ஏலாது."

அவர் திரும்பிப் போன பிறகுதான் ஹமீமா அதைத் திறந்து பார்த்தார். எண்கள் ஓடின, புஸ்ஸென்ற இரைச்சலைத் தவிர ஒன்றும் வரவில்லை. ரேடியோ திருத்தும் நிஸ்தாரிடம் கொண்டுபோனார்.

"நம்மளச் சுத்தி மலை. இந்தக் குட்டி ஏரியலுக்கு என்ன கேக்கும்?" என்றார் நிஸ்தார். "டிஷ் போட்ட பொறகு உங்கட பழைய டீவி அன்டெனா கூரையில சும்மாதானே நிக்குது? அதுட வயர இதுல குடுங்க." டீவி வயரின் முனை ஸ்கேனரில் பொருந்தாது என்று, நடுவில் மாட்ட ஒரு சின்னப் பித்தளைத் துண்டும் கொடுத்தார்.

மாட்டியதும் குரல்கள் வந்தன. கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல வந்தன. நிஸ்தாருக்குப் போன் போட்டார்.

"டீவிக்கு வர்ற அலை படுத்துக்கிட்டு வரும். வாக்கிடோக்கி அலை நின்னுக்கிட்டு வரும். அன்டெனாவ ஒருக்களிச்சு வைங்க, குறுக்குக் கம்பியெல்லாம் மேலயும் கீழயும் நிக்கிற மாதிரி."

அலை எப்படிப் படுக்கும், எப்படி நிற்கும் என்று ஹமீமாவுக்கு விளங்கவில்லை. ஆனாலும் கைக்கு எட்டட்டும் என்று பலீலைக் கொண்டு அன்டெனாவை இறக்கி, மாடி பல்கனிக் கம்பியில் ஒருக்களித்துக் கட்டினார். வயரை உள்ளே இழுத்து, பின்னறை மேசையில் ஸ்கேனரை வைத்தார்.

"டீவி பாக்க வாங்கினதுல டீவி இல்லாம என்ன செய்யிற?" என்று கேட்டார் பலீல்.

"ஆக்கள் பேசுறது கேக்குது."

"என்ன பேசுறாங்க?"

"அதுதான் வெளங்கல்ல."

வேலையில் இருந்தபோது குரல் தெளிவில்லை என்றால் "யாரு பேசுறீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். ஸ்கேனரிடமும் முதல் இரண்டு நாள் மறதியாக அப்படிக் கேட்டார். அது பாட்டுக்குப் பேசிவிட்டு நின்றது.

ஜூலை மாதம் ஒரு பிற்பகல், மூன்று மணி இருக்கும். தமிழில் இரண்டு பேர் பேசினார்கள். ஒன்று கட்டைக் குரல், மற்றது கீச்சுக் குரல். இடையிடையே அறுந்தது.

"அம்மா இந்த வழியா வர்றது முதல் தடவ. ரெண்டு பக்கமும் பாத்துக்க. ஓவர்."

"அம்மா அகலம் எவ்ளோண்ணே?"

"பதினோரு அடி."

ஹமீமா ஸ்கேனரைக் காதருகே தூக்கினார். யாருடைய அம்மா? பதினோரு அடி அகலத்தில்? ஒருவேளை யானையோ? யானைக்கும் அவ்வளவு அகலம் இருக்காதே.

"கயித்துக்கு நூறு பேராவது வேணும்... அந்த மஞ்சள் வீட்டுக்கிட்ட என்னமோ கம்பி நீட்டிக்கிட்டிருக்கு. போன கிழமை இல்லையே."

"அம்மா வந்தா இடிக்குமா?"

"இடிக்கும்."

பல்கனிக்கு ஓடினார். வீதியில் ஒரு த்ரீவீலர் நின்றது. தூரத்தில் இரண்டு பேர் நீளமான மூங்கில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு திருப்பத்தில் மறைந்தார்கள். மாத்தளையில் எத்தனையோ மஞ்சள் வீடு. அவர்கள் எந்த வீட்டைச் சொன்னார்கள் என்று எப்படித் தெரியும்? மறுநாள் நன்றாகக் கேட்டால் விளங்கும் என்று அன்டெனாவை அவிழ்த்து, வீதிப் பக்கம் இன்னும் ஓர் அடி தள்ளிக் கட்டினார்.

மறுநாள் குரல் பக்கத்திலிருந்து பேசுவது போலக் கேட்டது.

"அண்ணே, நேத்தைவிட இன்னைக்கு ஒரு அடி வெளிய வந்திருக்கு!"

"கம்பி தானா வளருமா?"

"தெரியலண்ணே. வெட்டிடலாமா?"

"வீட்டுக்காரங்களக் கேக்காம வெட்டக்கூடாது. நான் போய்ப் பேசுறேன்."

ஹமீமா பலீலுக்குப் போன் போட்டார்.

"இஞ்சாருங்க, யாரோ எதையோ வெட்டப் போறாங்க."

"யாரு?"

"தெரியாது."

"எத வெட்டப் போறாங்க?"

"கம்பிய. ஒரு மஞ்சள் வீட்டுல."

அந்தப் பக்கம் லொறிச் சத்தத்துக்கு நடுவே பலீல் மெதுவாகக் கேட்டார்: "ஹமீமா, நம்மட வீடு என்ன கலரு?"

பதில் சொல்லுமுன் கீழே மணி அடித்தது. கதவைத் திறந்தால் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், நெற்றியில் திருநீறு, இடுப்பில் வாக்கிடோக்கி.

"அக்கா, மன்னிக்கணும். எம் பேரு கணபதி. வயரிங் வேலை செய்றேங்க. மேல இருக்கிற கோயில்ல..."

ஹமீமாவுக்கு உடனே பிடிபட்டது. குரலை மறக்கிற காதில்லை அது. "நீங்கதானே ஓவர் சொல்ற ஆள்?"

கணபதி தன் இடுப்பைப் பார்த்தார், ஹமீமாவைப் பார்த்தார். அவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

உட்கார வைத்து தேத்தண்ணீர் கொடுத்த பிறகுதான் விஷயம் வெளிவந்தது. ஆடித் திருவிழாவில் தேர் எப்போதும் பெரிய வீதியால்தான் போகும். இந்த வருடம் அங்கே மழைத் தண்ணீர் போகிற கானை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். அதனால் அம்மனின் தேர் இந்தக் குறுக்கு வீதியால் வரப்போகிறது. தேரின் அகலத்துக்கு மூங்கில் வெட்டி, வழியெல்லாம் அளந்துகொண்டு வந்திருக்கிறார்கள்.

"அந்த அம்மாவா!" என்று ஹமீமா நெற்றியில் கை வைத்தார். "நான் யாரோ மனுசருண்டு நெனச்சிட்டேன் தம்பி."

அவர் ஸ்கேனரைக் காட்டியதும் கணபதியின் முகம் மாறியது. "நாங்க பேசினதெல்லாம் கேட்டுச்சா? கோயில் தலைவரப் பத்திச் சொன்னதுமா?"

"எந்தத் தலைவர்?"

"ஒண்ணுமில்லக்கா." அவருக்கு மூச்சு வந்தது. தேத்தண்ணீரைக் குடித்து முடித்து, "எதுக்குக்கா இதக் கேக்கிறீங்க?" என்றார்.

ஹமீமா யோசித்தார். அன்ஸாப் தந்தான் என்று சொல்லலாம். பொழுது போகவில்லை என்று சொல்லலாம். இரண்டும் சரியாகப் படவில்லை. "ஆக்கள் பேசுறாங்களே தம்பி," என்றார். கணபதி புரிந்தது போலத் தலையாட்டினார்.

அன்று மாலை கணபதியும் பலீலும் ஏணி வைத்து அன்டெனாவைத் திரும்பவும் கூரைக்கு ஏற்றினார்கள். ஒருக்களித்தே இருக்கட்டும் என்று ஹமீமா கீழே நின்று சொன்னார். திருவிழா அன்று தேர் பல்கனியை ஒரு முழ இடைவெளியில் கடந்து போனது. வடம் பிடித்தவர்களின் நடுவிலிருந்து கணபதி நிமிர்ந்து பார்த்துக் கும்பிட்டார். பலீலும் ஹமீமாவும் கையசைத்தார்கள்.

கூரைக்குப் போன அன்டெனாவில் இப்போது வேறு குரல்கள் வருகின்றன. போன வெள்ளிக்கிழமை ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இங்கிலிஷில் எண்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஹமீமா போனை ஸ்கேனர் அருகே பிடித்து அன்ஸாபுக்குக் கேட்க வைத்தார்.

"அது ப்ளேன், ராத்தா."

ஹமீமா பல்கனிக்குப் போய் வானத்தைப் பார்த்தார். மேகம்தான் இருந்தது.

"இங்க ப்ளேன் ஒண்டும் இல்லையே."

"அது எங்கயோ கடலுக்கு மேல போகுதோ தெரியாது."

"அப்ப எனக்கு எப்படிக் கேக்குது?" என்று கேட்டார் ஹமீமா. அன்ஸாப் என்னவோ விளக்கினார். பாதி விளங்கியது போல இருந்தது. போனை வைத்துவிட்டு, அந்தப் பெண் அடுத்த எண்ணைச் சொல்லும்வரை மேசையருகே காத்திருந்தார்.