ஒப்பிட எடுத்த மூச்சு

நுரையீரலை அளக்கும் அந்தக் கருவி ஒரு டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். அதிலிருந்து நீளும் குழாயின் முனையில் அட்டைக்குழல் ஒன்றைச் செருகி, மூக்கில் கிளிப் மாட்டி, மூச்சை முட்ட இழுத்து ஒரே மூச்சில் ஊத வேண்டும். பெண்களை அதன் முன்னால் கொண்டுவந்து உட்காரவைப்பதும், அவர்களைப் பற்றி எட்டுப் பக்கப் படிவம் ஒன்றை நிரப்புவதும்தான் கொஞ்ச காலம் எனக்கு வேலை. அந்தப் படிவத்தைத் தயாரித்தவர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அதை நிரப்பிய என்மேலும் தீரவில்லை. இதை நிதானமாக எழுத எனக்கு வராது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் மலையடிவாரத்துப் போடிக்காரி. விலங்கியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தபோது, வெளியூர் மருத்துவ ஆய்வுக் குழு ஒன்று உள்ளூர் ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டேன். ஏலக்காய்த் தோட்டத்தில் அடிக்கிற பூச்சிமருந்து அங்கே வேலை செய்யும் பெண்களின் மூச்சைக் கெடுக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர்கள் நோக்கம். தமிழில் பேசி இங்கிலீஷில் எழுதுகிற ஆள் வேண்டும் என்றார்கள். சேர்ந்துவிட்டேன்.

சேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பத்தாம் வகுப்பு வரை என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள் ஒருத்தி, கல்யாணமாகி போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் காய் எடுக்கிறாள். பள்ளியில் படிக்கும்போது கபடியில் மூச்சுப் பிடித்தால் விடவே மாட்டாள், எதிரணி அவளைக் கண்டாலே பின்வாங்கும். இப்போது தோட்டத்து லய வீட்டுக்கு ஏறுகிற பத்துப் படியில் இரண்டு தடவை நிற்கிறாள். அங்கே காலையில் ஆண்கள் ஒரு பாத்தியில் மருந்தடித்துக்கொண்டு போவார்கள். ஈரம் காயுமுன்னே பின்னாலேயே பெண்களைக் காய் எடுக்க இறக்கிவிடுவார்கள். செடிக்கடியில் குனிந்து உட்கார்ந்து எடுக்கிற வேலை என்பதால், இலையில் இருப்பதெல்லாம் தலையில்தான் சொட்டும். மருந்தடித்தால் நாலு நாள் அந்தப் பக்கம் எங்களை விடாதீர்கள் என்று இவர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோயிருந்தார்கள்.

நாங்கள் கருவியோடு ஜீப்பில் போய் இறங்கிய அன்று, தோட்டத்து சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை சொன்னார். மருந்தால்தான் மூச்சு கெடுகிறது என்று டாக்டர்கள் எழுதிக் கொடுக்கட்டும், அடித்த பாத்தியில் நாலு நாள் ஒருத்தரையும் இறக்க மாட்டேன் என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தனை பெண்களும் வரிசையில் நின்று ஊதினார்கள். நாங்கள் அன்பளிப்பாகக் கொடுத்த பிளாஸ்டிக் டப்பாவுக்காக இல்லை. என் தோழி மூன்றாவது தடவை ஊதும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கருவியைப் பார்த்துக்கொண்டிருந்த டெக்னீஷியன் உதட்டைப் பிதுக்கினார். அதைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டாள். தன் மூச்சு மோசமாக இருப்பதைக் கண்டு ஒரு மனுஷி சந்தோஷப்படவேண்டிய நிலைமையை என்னவென்று சொல்வது?

ஆனால் மலைப் பெண்களின் மூச்சை மட்டும் அளந்தால் ஆய்வு ஆகாது. ஒப்பிட ஆள் வேண்டும். அதே வயசு, அதே உயரம், அதே மாதிரி சாப்பாடு, ஆனால் மருந்தோ தூசியோ புகையோ படாத பெண்கள். இரண்டு கூட்டத்தின் மூச்சுக்கும் நடுவில் எவ்வளவு வித்தியாசம் இருக்கிறதோ, அவ்வளவும் தோட்டம் செய்த கெடுதல். கணக்கு அவ்வளவுதான், நல்ல கணக்குதான். அந்த ஒப்பீட்டுக் கூட்டத்தை போடியிலேயே பிடித்துத் தரும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள்.

ஊரே எனக்குத் தெரியும் என்கிற திமிரில் இரண்டே வாரத்தில் பட்டியலை முடித்தேன். எங்கள் தெரு, பக்கத்துத் தெரு, அத்தைமார், சித்திமார், கடைசியில் எங்கள் அம்மா. கேஸ் அடுப்பா, பீடி சுருட்டுப் பழக்கம் உண்டா என்று கேட்டுக்கொண்டே போனால் மூன்றாம் பக்கத்தில் ‘தொழில்’ வரும். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டு, சொல்வதை அப்படியே எழுது என்பது உத்தரவு. ஒருத்தி பாக்கியில்லாமல், வேலையெல்லாம் ஒன்றுமில்லை, வீட்டில்தான் இருக்கிறேன் என்றார்கள். நானும் ‘இல்லத்தரசி’ என்று டிக் அடித்தேன். அம்மாவிடம் நான் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூட இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளிலிருந்து எத்தனை படிவத்தில் அதை எழுதியிருக்கிறேன், கை தானாக டிக் அடித்துவிட்டது.

கருவியை ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு அறையில் வைத்திருந்தோம். அம்மா ஊதினாள். டெக்னீஷியன் திரையைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை ஊதச் சொன்னார். அப்புறம் இன்னொரு தடவை. வீட்டில் விறகடுப்பா என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். அடுத்து ஊதிய அத்தைக்கு நடுவிலேயே இருமல் பிடித்துக்கொண்டது. அவளுக்கு அடுத்தவளுக்கும் அதே கதை. கருவியில்தான் கோளாறு என்று அவர் அதைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டிருக்கும்போது, வரிசையில் நின்ற ஒரு பெண் என் கையைப் பிடித்தாள்.

“ஆத்தா, என்னைய வெரசா ஊதவச்சு அனுப்பு. மூட்டையப் பாதியில பிரிச்சுப் போட்டுட்டு வந்திருக்கேன்.”

ஏலக்காய் மூட்டை. நான் நிமிர்ந்து வரிசையைப் பார்த்தேன். சேலை மடிப்பில், தலைமுடியில், கண் புருவத்தில் எல்லாம் காய்ந்த காயின் தோலும் தும்பும் ஒட்டியிருந்தது. அந்த வாசம் அறை முழுக்க இருந்தது. பிறந்ததிலிருந்து அந்த வாசத்திலேயே இருந்ததால் என் மூக்குக்கு அது தெரியவில்லை. இந்தப் பெண்கள் அத்தனை பேரும் காலையில் சமையலை முடித்துவிட்டு குடோன்களுக்குப் போய், ஜன்னல் சாத்திய அறைகளில் உட்கார்ந்து, சொளகில் காயைக் கொட்டிப் புடைத்துப் பெரிசு சிறுசு, பச்சை வெளுப்பு என்று பிரிக்கிறவர்கள். காற்று வந்தால் தோல் பறக்கும் என்று காற்றாடிகூடப் போட மாட்டார்கள். மருந்தடித்துப் பறித்து வாட்டிய அதே காயின் தூசிதான் அங்கே பறக்கிறது. தூசியே படாதவர்கள் என்று நான் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது இவர்களைத்தான்.

பொய் சொல்ல வேண்டுமென்று அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. எங்கள் ஊரில் ஜீப் ஏறி மலைக்குப் போனால்தான் வேலை. காய் பொறுக்குவது வேலை இல்லை, அது உட்கார்ந்து பேசிக்கொண்டே செய்கிற காரியம். எங்கள் வீட்டில் அது இன்னும் ஒரு படி மேலே. அப்பா வழியில் ஒரு காலத்தில் நிலபுலன் இருந்ததாம், நம் வீட்டுப் பெண்கள் வேலைக்குப் போக மாட்டார்களாம். நிலம் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது, வீறாப்பு மட்டும் போகவில்லை. அம்மா பொறுக்கப் போகும் குடோன் மாமா முறை உள்ள ஒருவருடையது. அதனால் அவள் சொந்தக்காரர் கடைக்குப் போய்வருகிறாள், அவ்வளவுதான். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை, நான் பிறப்பதற்கு முன்னாலிருந்து, போய்வந்துகொண்டே இருக்கிறாள்.

விபரீதம் எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. இந்த மூச்சோடு மலைப் பெண்களின் மூச்சை ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் இல்லையென்றால் மருந்தால் கெடுதல் இல்லை என்றாகிவிடும். சூப்பர்வைசர் அந்தத் தாளைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, என் தோழியை நிம்மதியாக ஈரச் செடிக்குள் இறக்கிவிடுவார்.

அன்று சாயங்காலமே ஆய்வை நடத்திய டாக்டரம்மாவிடம் போய் நின்றேன். கெட்டிக்காரி, கெட்டவள் இல்லை. நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ரீடிங் பார்த்த பிறகு ஆளை மாற்றுவது மோசடி, அது உங்களுக்கே தெரியும் என்றார். வேண்டாத முடிவு வரும்போதெல்லாம் ஆளைத் தூக்கினால் எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம் என்றார். அது சரியான பேச்சு, அதுதான் என் எரிச்சலை இன்னும் கிளப்பியது. முடிவு தப்பு என்று நான் சொல்லவில்லை, கேள்வியே தப்பு என்றேன். ஊருக்கு வந்து ஒரு குடோனை எட்டிப் பார்த்திருந்தால் இந்தக் கேள்வியை இப்படி எழுதியிருப்பீர்களா என்று கேட்டேன். அவர் படிவத்தைப் புரட்டி அடியில் இருந்த என் கையெழுத்தைக் காட்டினார்.

“இவங்க எல்லாம் உங்க ஊர்க்காரங்க. ஒருத்தர் உங்க அம்மா. எழுதினது நீங்கதானே?”

நானேதான். ஆனால் எரிச்சலில் வீடு வந்து சேர்வதற்குள் ஒரு வழி தோன்றியது. மூச்சு மோசமாக இருந்தவர்களை மட்டும் திரும்பக் கேட்டால்தான் மோசடி. ஊதியவர், ஊதாதவர், மலையில் இருப்பவர், கீழே இருப்பவர் எல்லோரையும், ரீடிங்கே பார்க்காமல், ஒரே கேள்வி கேட்டால்? காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கும்வரை மணிக்கு மணி என்ன செய்கிறீர்கள் என்ற கேள்வி. டாக்டரம்மா யோசித்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொருவரும் தன் கையால் திருத்திக் கையெழுத்துப் போட்டால் ஏற்றுக்கொள்கிறேன் என்றார். பத்து நாள் கொடுத்தார். ஒருத்தர் பாக்கியிருந்தாலும் பழைய பட்டியலே நிற்கும் என்றார்.

மலையில் இரண்டு நாளில் முடிந்துவிட்டது. கீழே தெருத் தெருவாக அலைந்தேன். அதெல்லாம் ஒரு வேலையா, அதைப் போய் எழுதுவார்களா என்று சிரித்தவர்களும் உண்டு, குடோன்காரருக்குத் தெரிந்தால் நாளைக்கு வராதே என்பாரே என்று பயந்தவர்களும் உண்டு. பேர் வெளியே போகாது என்று ஒவ்வொருத்தரிடமும் சத்தியம் செய்தேன். கீழ்ப் பட்டியலில் பாதிக்கு மேல் காய் பொறுக்குகிறவர்கள். ஒன்பதாம் நாள் கையெழுத்துப் போடாமல் மிச்சமிருந்தது எங்கள் அம்மா மட்டும்தான். என்னைக் கூலிக்காரி என்று எழுதி ஊரெல்லாம் காட்டப் போகிறாயா, உன் அப்பா முகத்தில் நான் முழிக்க வேண்டாமா என்று கேட்டுவிட்டு முதல் நாளே என்னோடு பேச்சை நிறுத்தியிருந்தாள். ஒரே வீட்டில் தட்டை டக்கென்று வைக்கிற சத்தத்தில்தான் எங்கள் சம்பாஷணை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. தோழி சாமான் வாங்க மலையிலிருந்து இறங்கியவள் வீட்டுக்கு வந்தாள். அடுத்த மருந்து அடிப்பதற்குள் டாக்டர் தாள் வந்துவிடுமா என்று கேட்கத்தான் வந்திருக்கிறாள். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். அம்மா காபி டம்ளரோடு கதவருகில் நின்றிருந்தாள். தோழி அம்மாவை ஏறிட்டுப் பார்த்தாள். வாசற்படி ஏறி வந்த இளைப்பே அவளுக்கு இன்னும் அடங்கவில்லை.

“அப்ப அத்தை மூச்சும் என் மூச்சும் ஒண்ணுபோல இருக்குன்னு, மருந்து நல்லதுன்னு எழுதிருவாகளா?”

ஆமாம் என்றேன். அம்மா டம்ளரை அவள் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது அவளுடைய மூச்சு விசிலடிப்பதை அம்மாவும் கேட்டிருக்க வேண்டும். திரும்பி என்னைப் பார்த்து, ஒன்பது நாளைக்கப்புறம் முதல் வார்த்தையாக, “கொண்டா அந்தத் தாள” என்றாள்.

ஒன்பதிலிருந்து ஐந்து வரை காய் பொறுக்குதல் என்று அவளே எழுதினாள். மறுநாள் எல்லாப் படிவத்தையும் கொடுத்தேன். தோழியோடு ஒப்பிட, காய் வாசமே படாத வேறு பெண்களைக் குழு தேடத் தொடங்கியது. பெரிய வெற்றி என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் காய் பொறுக்குகிறவர்கள் என்று நீக்கப்பட்டவர்களின் படிவத்தில் காரணம் எழுதச் சொன்னார்கள். அதற்கென்று குறித்துக் கொடுத்திருந்த சொல் ‘தகுதி இல்லை’. எங்கள் அம்மா பேருக்கு நேராக நான்தான் அதை எழுதினேன்.

வீட்டில் வந்து சொன்னபோது அம்மா கேட்டாள், “அவளுக்கு நாலு நாள் விடச் சொல்லிக் கேக்குறீக. எங்களுக்கு என்ன கேப்பீக?” அதை அப்படியே டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். காய் பொறுக்குகிறவர்களின் மூச்சு இந்த ஆய்வின் நோக்கத்தில் இல்லை என்றார். வேறு ஆய்வுக்கு விண்ணப்பிக்கலாம் என்றார். நீக்கப்பட்டவர்களுக்கு ரிசல்ட் சீட்டும் கிடையாதாம், அது விதியாம். சுவரில் சாய்ந்து நெஞ்சு நோக மூன்று தடவை ஊதியவர்கள், அவர்கள் மூச்சு அவர்களுக்கே சொல்லப்படாது. நாம் ஊதிப்பார்த்துத் தூக்கிப் போடுகிற பலூனா அவர்கள்?

நான் விதியை மீறினேன். கருவியில் இருந்த அம்மாவின் எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு வந்து, அது என்ன, அவள் வயசுக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்று எடுத்துச் சொன்னேன். தாளை வாங்கிப் பார்த்தாள். எனக்குத் திட்டு விழும் என்று நினைத்தேன்.

“இது எப்ப இருந்து இப்பிடி ஆச்சாம்?” என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. இதற்கு முன்னால் அவளை யாரும் அளந்ததில்லை.