வேதா கேட்ட பயம்

வீட்டுக்குள் எது வந்தாலும் பிள்ளைகள் இருவருக்கும் சரிபாதி என்பது எங்கள் வீட்டு விதி. பிற்காலத்தில் அரசு அலுவலகத்தில் எத்தனையோ விதிகளை மேற்கோள் காட்டியிருக்கிறேன். இவ்வளவு தெளிவான ஒன்றை நான் கண்டதில்லை. திருக்கழுக்குன்றத்து வீட்டில் தினமும் வெல்லப்பாகு மணத்த ஒரு கோடையில்தான் அது முன்னறிவிப்பின்றி ரத்தானது.

தங்கை வேதாவுக்கு ஐந்து வயதாகியும் பேச்சு வரவில்லை. காது கேட்கும், சொன்னது புரியும், வாய் மட்டும் திறக்காது. பேசாத பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள முடியாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். செங்கல்பட்டு டாக்டரம்மா மருந்து எழுதவில்லை, விளையாட்டுகளைச் சொல்லி அனுப்பினார். வாயைத் திறந்து எதைக் கேட்டாலும் அதை உடனே கையில் கொடுத்துவிட வேண்டும், அப்போதுதான் அடுத்த சொல் வரும் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை.

பப்பாளித் தண்டால் சோப்புத் தண்ணீரில் "முட்டை" விடுவது, இலவம்பஞ்சை முறத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஊதுவது, உதட்டில் தடவிய வெல்லப்பாகை நாக்கை நீட்டி நக்குவது, வாய்க்கு முன்னால் காகிதத்தைப் பிடித்து "ப, ப" என்று அதைப் படபடக்க வைப்பது என்று அம்மா நாள் முழுக்க அவளோடு விளையாடினாள். மாமல்லபுரம் போனால் அப்பா ஊதுவதற்குச் சங்கு வாங்கி வருவார், ஒன்றே ஒன்று. ஒன்பது வயதில் ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்த குற்றத்துக்காக எனக்குக் கிடைத்தது வாய்ப்பாடு. பொறுக்க முடியாமல் ஒருநாள் திக்கிப் பேசிப் பார்த்தேன்.

"இன்னாடா நாடகம் ஆடிகினு கீற? பதினாறாம் வாய்ப்பாடு எழுதிட்டியா?" என்றாள் அம்மா.

பள்ளி திறக்கப் பத்து நாள் இருந்தபோது, அம்மா எனக்கென்று தந்த ஒரே வாழைப்பழத்தோடு கொல்லையில் உட்கார்ந்திருந்தேன். வேதா வந்தாள். பழத்தையே பார்த்தாள். உதட்டைக் கூட்டி, காகிதம் இல்லாமலே, "பயம்" என்றாள்.

எங்கள் பக்கத்தில் பழத்துக்கு அதுதான் பெயர். ழகரம் எங்கள் தெருவுக்குள் வருவதில்லை. உள்ளேயிருந்து ஓடிவந்த அம்மா, நான் முதுகுக்குப் பின்னால் ஒளித்த பழத்தைப் பார்க்கவில்லை. "கொயந்த பேசிச்சிடா! பயம்னுச்சே, இன்னாத்த பாத்து பயந்துச்சி?" என்றாள்.

"நாயி" என்றேன்.

வேதாவைத் தூக்கிக்கொண்டு போய்த் திருநீறு போட்டு, தாயத்தும் கட்டினார்கள். அவள் என் பக்கமே கையை நீட்டி அழுதுகொண்டிருந்தாள். மிச்சப் பழத்தை நான் மெல்லாமல் விழுங்கினேன். முதன்முதலாகக் கேட்டதற்குச் சாம்பல் கிடைத்த வாய் மறுபடி மூடிக்கொண்டது. பள்ளி திறந்தபோது அவள் வீட்டிலேயே இருந்தாள். அடுத்த சொல் வரப் பொங்கல் ஆனது.

சென்ற ஆவணியில் என் பேத்தியைச் செங்கல்பட்டில் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போனேன். பஞ்சு, உறிஞ்சுகுழல், ஒரு கண்ணாடி, அவ்வளவுதான் சாமான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு, எழுபது வயதில், அந்தப் பஞ்சை ஊத யாரும் கூப்பிடவில்லையே என்று வயிறு எரிந்தது. பயிற்சி தரும் பெண் என்னிடம், "கேட்டா ஒடனே குடுத்துருங்க சார், ஏமாத்துனா மூடிக்கும்" என்றார்.

அன்று மாலையே வேதாவுக்கு எழுதினேன். திருப்போரூரில் இருக்கிறாள், ஓய்வு பெற்ற தமிழாசிரியை, எங்கள் குடும்பத்தில் ழகரம் பிசகாமல் வருவது அவளுக்கு மட்டும்தான், அதிலும் எனக்குப் பொறாமை உண்டு. பழத்தைப் பற்றியும் இல்லாத நாயைப் பற்றியும் எல்லாம் எழுதி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். மூன்றாம் நாள் அவள் கையெழுத்தோடு அட்டை திரும்பியது. பதில் வரவில்லை. நினைவூட்டுக் கடிதம் அனுப்பும் முறை எனக்குத் தெரியும். அனுப்பும் யோக்கியதைதான் இல்லை. அந்தக் கொல்லை இருந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். பப்பாளி மரம் இல்லை, வீடும் இல்லை, செல்போன் கடை இருக்கிறது.

கடைசியில் ஓர் அஞ்சலட்டை வந்தது. "நாய் எதுவும் வரலன்னு எனக்கு அப்பவே தெரியும், அண்ணாத்த. என் பாதி பயம் எங்கே?" தமிழாசிரியை அந்த ஒரு சொல்லில் மட்டும் யகரம் போட்டிருந்தாள். அலுவலகப் பழக்கத்தில், அது என் கைக்கு வந்த நாளை அட்டையின் ஓரத்தில் குறித்தேன்: புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை.