ரிசல்ட்டுக்குக் கீழே ஒரு பெயர்

போன வாரம் பிளஸ் டூ ரிசல்ட். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்குள் சும்மா நுழைந்தவன், தொண்டை கட்டிப்போய்த்தான் வெளியே வந்தேன். அவ்வளவு சந்தோஷக் கூச்சல். பாஸானது என் வீட்டுப் பிள்ளைகூட இல்லை!

நான் போனது இ-மெயில் பார்க்க. உள்ளே கால் வைக்க இடமில்லை. எனக்கு முன்னால் ரெட்டியார்சத்திரத்திலிருந்து வந்த தக்காளி விவசாயி செல்லையா, கூடவே அவர் மகள் செல்வி. ஃபெயிலானால் படிப்பை நிறுத்திவிட்டு, அத்தை மகனுக்குக் கட்டிக்கொடுப்பதாக ஏற்பாடு. அந்தப் பெண்ணின் முகத்தில் ஈயாடவில்லை.

செல்லையா ஹால் டிக்கெட்டைப் பார்த்து நம்பரைப் படபடவென்று வாசிக்க, சென்டர் நடத்தும் ஸ்டீபன் டைப் செய்தார். வந்தது... கணக்கில் ஃபெயில், சிவப்பு எழுத்தில்!

"நீ டிவி முன்னாடி உக்காந்தப்பவே நெனச்சேன்" என்றார் செல்லையா. "போயி மச்சானுக்குப் போன் போட்டு, பேசி முடிச்சிரச் சொல்றேன்."

"நல்லாத்தான்ப்பா எழுதுனேன்..." செல்வி அழுகிறாள். மனுஷன் கேட்டால்தானே? வாசலுக்கே போய்விட்டார்.

இதற்குப் பெயர் கன்ஃபர்மேஷன் பயாஸ். மனசுக்குள் ஏற்கெனவே முடிவு கட்டியதற்கு ஒரு சாட்சி கிடைத்தால் போதும், அதற்குமேல் நாம் தேடுவதில்லை. அந்த வெப்சைட்டை டிசைன் செய்த புண்ணியவானும் அதற்குத் தோதாகத்தான் செய்திருந்தார். மார்க்கெல்லாம் மேலே. பெயர்? மானிட்டருக்குள் அடங்காமல் கீழே! ஸ்க்ரோல் செய்தால்தான் தெரியும்.

செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கீபோர்டில் கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்தினாள்.

"யப்பா! இங்க வந்து பாருங்க... இது யாரோ முருகேசன்!"

அவசரத்தில் செல்லையா இரண்டு எண்களை மாற்றி வாசித்திருக்கிறார். "அண்ணே, அத எங்கிட்ட குடுங்க" என்று ஹால் டிக்கெட்டைப் பிடுங்காத குறையாக வாங்கினார் ஸ்டீபன். கடையே மானிட்டர் பக்கம் எட்டிப் பார்த்தது. இந்த முறை பெயரைத்தான் முதலில் பார்த்தோம். செல்வி. பாஸ்! கணக்கில் இருநூற்றுக்கு நூற்று எண்பத்தேழு! நான் விசிலடித்தேன்... இந்த வயதில்! (முருகேசன் யாரோ, பாவம். மறுபடி எழுதிப் பாஸாகட்டும்.)

சாஃப்ட்வேர் தம்பிகளே, பெயரை முதல் வரியில் போடுங்கள். ஒரு வரியை எங்கே வைக்கிறீர்கள் என்பதில் ஒரு பெண்ணின் காலேஜே இருக்கிறது.

செல்லையா? பக்கத்து எஸ்.டி.டி. பூத்தில் ரிசீவரைப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தார்:

"கல்யாணமா? யாரு மச்சான் சொன்னது? புள்ள காலேஜு போகணும்ல! அவ பாஸாயிருவான்னு எனக்கு அப்பவே தெரியும்!"

இந்த வியாதிக்கும் ஒரு பெயர் இருக்கிறது... அதைச் சொல்லி அவர் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்?