வானத்திலிருந்து யாரும் வரவில்லை

“…காட்டுல மக்காச்சோளம் வெதச்சுகினு இருந்தவன், மச்சான். வருசத்துக்கு எத்தினி நாளோ அத்தினி படி வச்சுக் கோயில் கட்டணும்னு அவனுக்கு எப்படித் தெரியும்? மேலேருந்து யாரோ வந்துதான் கட்டிக் குடுத்துட்டுப் போயிருக்கணும்” என்றார் பாவா.

பாவா என் அக்காவின் கணவர். எங்கள் வீட்டு விசேஷங்களில் அவர் கண்ணசைத்தால்தான் இலை போடுவார்கள். அன்று திருத்தணியில் நான் கட்டிய புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். ஹோமப் புகை இன்னும் அடங்காத கூடத்தில், மெக்சிகோ பக்கத்து மாயர்கள் அந்தக் காலத்தில் கட்டிய கோயிலைப் பற்றிய ஏதோ ஒரு வீடியோவைப் பெரிய சத்தத்தில் வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். மலையடிவாரத்தில் தேங்காயும் கற்பூரமும் விற்கிறேன். கூட்டமில்லாத நேரத்தில் நூலகத்துப் புத்தகங்களைப் படிப்பேன். அப்படித்தான் மாயர்கள் எனக்குப் பழக்கமானார்கள். இரும்புக் கருவி இல்லை, பாரம் இழுக்க மாடில்லை, வண்டியில்லை. கல்லால் கல்லை அறுத்து, முதுகில் சுமந்து, சுண்ணாம்புக் கல்லைச் சுட்டுப் பூசி நகரங்களை எழுப்பினார்கள். சுழியம் என்ற எண்ணைத் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள். எழுதிவைத்த ஏடுகளைக் கடல் கடந்து வந்த பாதிரிமார் தீயில் போட்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் தங்கள் மொழியைப் பேசிக்கொண்டு சோள மாவு அரைக்கிறார்கள். அவர்கள் எதிரிலேயே, இதைக் கட்டியது நீங்கள் இல்லை என்று சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்!

“நம்ம மலைக்குந்தான் நாளுக்கு ஒரு படின்னு சொல்றோம். அதையும் மேலேருந்து வந்தவனா கட்டினான் பாவா?” என்று கேட்டேன்.

“அது வேற, இது வேற. படிச்சவன் சொல்றான், நீ தேங்கா விக்கிறவன்” என்றார். கூடமே சிரித்தது.

சிரிக்காமல் வாசல் ஓரமாக நின்றது ஒரே ஒரு பெண்தான். கே.ஜி.கண்டிகையிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வந்து என் வீட்டைக் கட்டியவர். சித்தாளாகக் கலவை கலக்கத்தான் வந்தார். கொத்தனார்கள் வராத ஒரு நாளில் மேஸ்திரி அவர் கையில் கொத்துக் கரண்டியைக் கொடுத்தார், அப்புறம் திருப்பி வாங்கவேயில்லை. பாதிச் சுவரின் பூச்சு அவருடையது. மாடிப்படி முழுக்க அவருடையது. “சிமெண்ட்டும் கைக்கொழந்தையும் ஒண்ணுண்ணா, நேரத்துக்குத் தண்ணி காட்டலன்னா வெடிச்சுப் போவும்” என்பார். அந்தப் பேச்சைக் கேட்பதற்கென்றே கடையைப் பூட்டிவிட்டு வருவேன். இத்தனைக்கும் மேஸ்திரி கூப்பிடுவது என்னவோ ‘ஏ சித்தாளு’ என்றுதான். கூலியும் அந்தக் கணக்கில்தான்.

எங்கள் பக்கத்தில் கரண்டி பிடித்தவர்களுக்குக் கிரகப்பிரவேசத்தன்று தட்டில் வெற்றிலை பாக்கு, துணி, துண்டு வைத்து மரியாதை செய்வோம். சித்தாள்களுக்குச் சாப்பாடு மட்டும். முதல்நாள் அவர் என்னிடம் கேட்டிருந்தார்: “நாலு பேர் எதிர்ல ஒரு தட்டு வாங்கிட்டேன்னா, அரக்கோணத்து வேலையில என்னச் சித்தாளுன்னு கூப்பிட மேஸ்திரிக்கு வாய் வராதுண்ணா.” மேஸ்திரியின் அடுத்த வேலை அரக்கோணத்தில். அதில் கொத்தனாராகப் போவதா, மறுபடி கலவைச் சட்டி தூக்குவதா என்பது அந்தத் தட்டில் இருந்தது. மேஸ்திரிக்கு வேட்டி வைத்து ஒன்று, அவருக்குப் புடவை வைத்து ஒன்று, இரண்டிலும் துண்டு என்று அடுக்கி வைத்திருந்தேன்.

கோபம் தணியாமலே புடவைத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நடுக்கூடத்துக்கு வந்தார்.

“இன்னா மச்சான், மண்ணு கொழச்ச பொம்பளைக்குத் தட்டா? வெளிய சொன்னா சிரிப்பாங்க” என்றார் பாவா.

“அந்த மாயர் ஊர்ல கல்லு செதுக்கினவன் அந்தக் கல்லுலயே தன் பேர வெட்டி வச்சிருக்கான் பாவா. ராஜா பேரு இருக்கற கல்லுலயே. இந்தம்மாவுக்கு நான் ஒரு துண்டு தரக்கூடாதா?”

“அந்த மாடிப்படி நான் கட்டினதுங்க” என்றார் அவர்.

பாவா மேஸ்திரியைப் பார்த்தார். “அப்படியா?”

மேஸ்திரி புதுத் தரையைப் பார்த்தார். “ஆங்… கூடமாட எடுத்துக் குடுத்துச்சுங்க.”

“கேட்டுக்கினியா?” என்ற பாவா எழுந்து வந்தார். என் கையிலிருந்த தட்டிலிருந்து துண்டை உருவினார், இன்னொரு தட்டிலிருந்ததையும் எடுத்தார். இரண்டையும் மேஸ்திரியின் தோளில் போட்டு, “வாங்க, எல போட்டாச்சு” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மொட்டை மாடிப் பந்திக்கு அந்தப் பெண் கட்டிய படியில் ஏறிப் போனார்.