பன்னிரண்டாம் ஆளின் கால்

உபதேசியார் சந்தனராஜ் கோபப்படாமல் இருந்த நாள் என்று ஒன்றை ஆவூர்ப் பக்கத்தில் யாராலும் சொல்ல முடியாது. சுற்றியுள்ள ஐந்து ஊர்க் கிறிஸ்தவர்களுக்கு அவர்தான் எல்லாம். பங்குச் சாமியார் மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பார். மற்ற நாளெல்லாம் ஜெபம் சொல்லவும், சாகக் கிடப்பவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கவும் இவர்தான் சைக்கிளை மிதிக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக மிதித்தார்.

சொல்லிக்கொடுத்தார் என்பதைவிட அடித்து ஏற்றினார் என்பதே சரி. ஒரு கையில் கேள்வி பதில் புத்தகம், மறு கையில் புளிய விளாறு. சர்வேசுரன் அன்பே உருவானவர் என்ற பதிலில் ஒரு சொல் பிசகினாலும் முதுகில் விளாறு விழும். பத்து வயதில் தலைகீழாக ஒப்பித்த பிள்ளைகள், மீசை அரும்பியதும் கோயில் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. புதுக்கோட்டைக்குச் சினிமா பார்க்கப் பஸ் ஏறினார்கள். "இத்தன வருசம் தொண்டத் தண்ணி வத்தக் கத்தினேனே, ஒருத்தனுக்காவது ஒறைச்சுச்சா?" என்று அவர் வீட்டில் வந்து குதிப்பார்.

"கத்தினது ஒறைச்சுச்சு. அதான் வரமாட்டேங்கிறாங்க" என்பாள் மனைவி ஜெபமாலையம்மாள். அதற்கும் கோபம் வரும்.

அவருக்கு உள்ளூர இருந்த புண் வேறு. அவர் மகன் மதலைமுத்துவே இரண்டு வருடமாகக் கோயிலுக்குள் கால் வைக்கவில்லை. உறுதிபூசுதல் சடங்குக்குப் பிள்ளைகளைத் தயார் செய்தபோது, பாவத்துக்கு வருந்திச் சொல்லும் உத்தம மனஸ்தாப மந்திரத்தில் அவன் பாதியில் தடுக்கிவிட்டான். உபதேசியார் மகனே தடுக்கினால் ஊர் என்ன சொல்லும்? அரும்பு மீசை வைத்த பையனை, சின்னப் பிள்ளைகள் பார்க்க, விளாறு ஒடியும்வரை அடித்தார். அன்றைக்குப் போனவன்தான். வீட்டில் சாப்பிடுவான், வேலைக்குப் போவான், அப்பாவோடு மட்டும் பேச்சில்லை.

1956இல் ரோமாபுரியிலிருந்து ஒரு புது உத்தரவு வந்தது. இயேசு சீடர்களின் காலைக் கழுவிய நாளான பெரிய வியாழனன்று பங்குக் கோயிலிலும் மாலைப் பூசையில் பன்னிரண்டு பேருடைய பாதங்களைக் கழுவலாம். ஆள் சேர்க்கும் வேலை உபதேசியாருக்கு வந்தது. இளவட்டங்களையே பிடிப்போம், இந்தச் சாக்கிலாவது உள்ளே வரட்டும் என்று நினைத்தார். பதினோரு பேர் கிடைத்தார்கள். பன்னிரண்டாவது ஆளைத் தேடிக்கொண்டிருந்தபோது ஜெபமாலையம்மாள் வந்து, "நம்ம பய தானும் ஒக்காரட்டுமான்னு கேக்கறான்" என்றாள்.

சந்தனராஜ் சந்தோஷத்தைச் சொல்லத் தெரியாத மனிதர். "வர்றதுன்னா நேரத்துக்கு வரச் சொல்லு" என்று மட்டும் சொன்னார்.

அதோடு நிற்கவில்லை. பன்னிரண்டு பேருக்கும் கண்டிப்பாகச் சொல்லியனுப்பினார்: "சாமியார் தொடுற காலு. நல்லாத் தேச்சுக் கழுவிட்டு வாங்க." கழுவப்போகிற காலைக் கழுவிக்கொண்டு வரச் சொன்ன புண்ணியவான் அவர் ஒருவராகத்தான் இருப்பார்! பதினோரு பேரும் சோப்பு மணக்க வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒருவன் காலுக்குப் பவுடர்கூடப் போட்டிருந்தான்.

மதலைமுத்து மட்டும் வரவில்லை. சேவுகன் கிணற்றில் தூர் வாரும் வேலைக்குப் போயிருந்தான். ஊற்றுக்கண் திறந்துகொண்டதால் பாதியில் விட்டுவர முடியவில்லை. பூசை மணி அடித்த பிறகு, முழங்கால்வரை கருஞ்சேறு அப்பியிருக்க, மூச்சிரைக்க ஓடிவந்தான். உபதேசியார் வாசலிலேயே மறித்தார்.

"என்னடா காலு இது? போய்க் கழுவிட்டு வா."

"கழுவத்தானே வரச் சொன்னீங்க?"

அவன் வம்புக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டான். இரண்டு வருடத்தில் அப்பாவிடம் பேசிய முதல் பேச்சு அது. அவருக்கோ எல்லோரும் திரும்பிப் பார்ப்பது ஒன்றுதான் தெரிந்தது. "மானத்த வாங்காதடா, போ அங்கிட்டு!" என்று பல்லைக் கடித்தார்.

அவன் போனான். வாசகம் முடிந்தது, பிரசங்கமும் முடிந்தது, ஆளைக் காணோம். சாமியார் செம்பும் துண்டுமாகப் பீடத்திலிருந்து இறங்கினார். பெஞ்சின் கடைசி இடம் காலியாகக் கிடந்தது. வேறு வழியில்லாமல் சந்தனராஜே போய் அதில் உட்கார்ந்தார்.

சாமியார் கடைசியாக அவரிடம் வந்து மண்டியிட்டுக் காலைக் கையில் ஏந்தினார். காலையில் கல்லில் தேய்த்துக் கழுவிய கால். ஊற்றிய தண்ணீர் துளி அழுக்கில்லாமல் தட்டில் விழுந்தது. அப்போதுதான் உபதேசியார் நிமிர்ந்து பார்த்தார்.

வாசலில் மதலைமுத்து நின்றான். பங்குனியில் வற்றிக் கிடந்த ஊருணியின் நடுப்பள்ளம்வரை போய்க் கழுவியிருக்கிறான். வேட்டி நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தன் இடத்தில் அப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். இவர் எழப் பார்த்தார், கால் சாமியார் கையில் இருந்தது. அவன் திரும்பி நடந்துவிட்டான்.

பூசை முடிந்ததும் சைக்கிளைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு ஓடினார். அவன் கஞ்சிக் கும்பாவின் முன் உட்கார்ந்திருந்தான். எதிரே போய் உட்கார்ந்தார். ஐந்து ஊருக்கும் மனஸ்தாப மந்திரம் சொல்லிக்கொடுத்த வாய். தூக்கத்தில் எழுப்பினாலும் தடுக்காமல் சொல்லும் வாய்.

"டேய், நான்..." என்றார். "அன்னிக்கு நான் ஒன்ன..." மறுபடி நின்றுவிட்டது. தன்மேலேயே எரிச்சலாக வந்தது. கண்ணில் நீர் முட்டியது.

மதலைமுத்து கும்பாவைக் கீழே வைத்தான். "அடுத்த வார்த்தைய எடுத்துக் குடுக்கட்டுமாப்பா?"

"வேணாம்டா. நானே சொல்றேன்." மூச்சை இழுத்துக்கொண்டார். "ஒன்ன அடிச்சது தப்பு. இன்னிக்கு வெரட்டினதும் தப்பு."

அவன் கும்பாவை மறுபடி கையில் எடுத்தான்.

"அடுத்த வருசமும் சேத்துக் காலோடதான் வருவேன்."

"வாடா" என்றார் உபதேசியார்.